எடுக்காமல் விட்ட ஒரு படம்

“எக்ஸ்ரே கேட்டு வரும் ஒவ்வொரு படிவத்திலும், அது எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை டாக்டர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். காரணம் எழுதாத படிவத்தை எக்ஸ்ரே பிரிவு திருப்பி அனுப்பலாம்.”

நான் வேலை பார்த்த ஈப்போ மருத்துவமனையின் சுற்றறிக்கை இது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி. பார்க்காமலே சொல்கிறேன். கல்யாண நாளை மறந்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்... இந்தப் பத்தியை மறந்ததில்லை.

இப்போது எதற்கு இது என்கிறீர்களா?

போன வாரம் கோப்பிக் கடையில் தேவராஜைப் பார்த்தேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் போலவே காலையில் பேப்பரும் கையுமாக வந்து உட்காருகிறவர். அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. குறைமாதம். மூச்சுத் திணறல் என்று இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள்.

“மூணு நாளாச்சு லா. மொத நாளு ஒரு படம் எடுத்தான். அதோட சரி. என்னா ஆஸ்பத்திரி இது? நீ உள்ள இருந்த ஆளு. ஒரு வார்த்தை சொல்லி எடுக்கச் சொல்லேன்” என்றார்.

எடுக்காமல் இருக்கிறார்களே என்று சந்தோஷப்படு என்றேன். நான் சொன்ன விதம் கொஞ்சம் காட்டமாக இருந்திருக்க வேண்டும்.

“உனக்கு என்னா, உன் பேரனா?” என்று கேட்டுவிட்டு, பாதிக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

குழந்தை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது. தேவராஜ் இன்னும் என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு படத்தோடு விட்டும் பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்கிறாராம் — மருத்துவமனை மீது ஒரு குற்றச்சாட்டாக!

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டதையே என்னிடம் முன்பு வேறு ஒருவர் கேட்டிருக்கிறார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். ‘ரேடியோகிராபர்’ என்று அரசாங்கம் ஒரு பெயர் வைத்திருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு நான் ‘படக்காரர்’. கல்யாணத்தில் எடுப்பதும் படம், தியேட்டரில் ஓடுவதும் படம், நெஞ்சுக்கூட்டுக்குள் எடுப்பதும் படம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் காலம் ஓடியது. அது எத்தனை பெரிய வேலை பார்க்கும் சொல் என்று எனக்குத் தெரிய வெகு நாளாயிற்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்கென்று ஒரு தீவிர சிகிச்சை வார்டு திறந்தார்கள். சில இன்குபேட்டர்கள். மூச்சுக் கொடுக்கும் இயந்திரங்கள் புதிதாக வந்திருந்தன. எல்லோருக்கும் பெருமை. சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் பக்கமிருந்தெல்லாம் ஆம்புலன்சில் குழந்தைகள் வரத் தொடங்கின. முன்பு இப்படிப்பட்ட பிள்ளைகள் ஈப்போ வரை வந்து சேர்ந்ததே கிடையாது.

அந்த வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. மூச்சு இயந்திரத்தில் இருக்கும் குழந்தைக்கு தினமும் ஒரு எக்ஸ்ரே. ஏன் தினமும்? பெரிய டாக்டர் காலையில் சுற்றி வரும்போது, “நேற்றைய படம் எங்கே?” என்று கேட்பார். இல்லையென்றால் சின்ன டாக்டர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். அவர் ஏதோ ஒரு நாள் கேட்டிருப்பார். இவர்கள் அதை எல்லா நாளுக்கும் ஆக்கிவிட்டார்கள். உத்தரவு போடுகிறவருக்குத் தெரியாமலே உத்தரவுகள் பிறப்பது அலுவலகங்களில் சகஜம்தானே?

தினமும் படிவம் எழுத யாருக்கு நேரம்? திங்கட்கிழமையே ஏழு படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்கள். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே... அதற்கு வார்டு கிளார்க் ஒரு வழி கண்டுபிடித்தார். கடைத்தெருவுக்குப் போய் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டு வந்துவிட்டார். ‘ரொட்டீன்’ என்று ஊதா மையில் விழும்.

காரணத்துக்கே ரப்பர் ஸ்டாம்ப்! அரசாங்க வேலையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதற்கு ஈடு இல்லை.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? ஸ்டாம்ப் விழுந்த படிவத்தை வாங்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தேன். ஒரு வருஷத்துக்கும் மேல். சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கம் எனக்கு அப்போதும் மனப்பாடம்தான்.

அந்தக் காலத்தில்தான் மல்லிகாவின் குழந்தை வந்தது.

சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மரம் வெட்டுகிற, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற, பெண் மல்லிகா. இருபத்திரண்டு வயசு இருக்கும். புருஷன் மணியமும் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, சிலிம் ரிவரில் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பிறந்த அன்றே எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் தாயும் வந்து சேர்ந்தாள். ஈப்போவிலேயே, புந்தோங்கில் மணியத்தின் அக்கா வீடு. அங்கே தங்கிக்கொண்டு தினமும் மதியம் பிள்ளையைப் பார்க்க வருவாள். வேலையை விட்டுவிட்டு வர முடியாததால் மணியம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான்.

முதல் நாள் எடுத்த படம் தேவையான படம். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா, நுரையீரல் விரிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பார்த்தார்கள். ஒழுங்காக இருந்தது.

மல்லிகா என்னை முதலில் பார்த்தபோது நான் மெஷினைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. இது என்ன என்று கேட்டாள். பிள்ளைக்குப் படம் எடுக்கிற மெஷின் என்றேன்.

“அது எதுக்கு ஐயா?”

உள்ளே மூச்சு எப்படிப் போகிறது என்று டாக்டர் பார்க்கத்தான் என்றேன். அவள் அப்போதும் பயந்து போய்த்தான் நின்றாள். ஆறுதலாக இருக்கட்டும் என்று நானே ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன்.

“பயப்படாதம்மா. தெனமும் படம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம்.”

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத வாக்கியம். அவள் முகம் தெளிந்தது. எனக்கும் திருப்தி... நல்ல வார்த்தை நாலு சொன்னோம் என்று.

அன்றிலிருந்து தினமும் அதே இடத்தில் நிற்பாள். மெஷின் சத்தம் கேட்டாலே கதவை விட்டு ஒதுங்கி வழிவிடுவாள். நான் திரும்பி வரும்போது ஒரே கேள்வி: “படம் ஆச்சா ஐயா?” ஆச்சு என்பேன். கையெடுத்துக் கும்பிடுவாள். காலையில் அறுவைச் சிகிச்சை வார்டுகளை முடித்துவிட்டு மெஷின் அங்கே வர மதியம் ஆகிவிடும். பார்வையாளர் நேரமும் அதுதான். தாய்க்கு உள்ளே அனுமதி அரை மணி நேரம். அதில் படம் எடுக்கிற நேரமும், அதற்கப்புறம் பிள்ளை அடங்குகிற நேரமும் போகும். மிச்சத்தைத்தான் அவள் பார்த்தாள்.

படம் எடுப்பதென்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஃபிலிம் உள்ளே இருக்கும் தட்டையான பெட்டிக்கு கேசட் என்று பெயர். ஏர்கண்டிஷன் அறையில் அது சில்லென்று இருக்கும். இன்குபேட்டரைத் திறந்து, குழாயும் ஒயருமாக இருக்கிற பிள்ளையைத் தூக்கி, முதுகுக்கு அடியில் அதை வைக்க வேண்டும். கை கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கிற நர்சுக்கு ஈய அங்கி. எனக்கும் ஈய அங்கி. போதாதென்று எங்கள் சட்டையில் ஒரு சின்னப் பட்டை குத்தியிருப்போம் — எத்தனை கதிர் எங்கள் மேல் பட்டது என்று மாதாமாதம் கணக்குப் பார்க்க. பிள்ளைக்குப் பட்டை கிடையாது. குத்துவதற்குச் சட்டையே கிடையாது. பழைய அங்கி ஒன்றிலிருந்து நானே வெட்டி வைத்திருந்த ஒரு ஈயத் துண்டை அடிவயிற்றின் மேல் வைப்பேன். அவ்வளவுதான்.

அந்த வார்டுக்குப் பொறுப்பாக இருந்த தலைமை நர்ஸ் சிஸ்டர் பிலோமினா. கறாரான மனுஷி. எங்கள் மாதா கோயில் பாட்டுக் குழுவிலும் அவர்தான் எல்லோரையும் அதட்டுவார். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, நான் மெஷினை நகர்த்தும்போது என்னைத் தடுத்து நிறுத்தினார். இன்குபேட்டர் பக்கத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினார். தினமும் படம் எடுத்த பிறகு பிள்ளையின் சூடு குறைகிறது. நிறம் நீலமாகிறது. பழையபடி ஆக ஒரு மணி நேரம் பிடிக்கிறது. கேசட்டை ஃபிளானல் துணியில் சுற்றிச் சூடாக்கிக்கூடப் பார்த்துவிட்டாராம்.

“அண்ணே, இந்தப் புள்ள நல்லாத்தான் இருக்கு. இந்தப் படம் எடுக்குறதுல இருந்து தேறி வர்றதே இதுக்கு ஒரு வேலையா இருக்கு. நேத்து எடுத்ததுல என்னா தெரிஞ்சிச்சு?”

நான் இருட்டறைக்குப் போய் அந்தக் குழந்தையின் படங்களை எல்லாம் வரிசையாக வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். முதல் படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் வித்தியாசம் இருந்தது. அதற்குப் பிறகு எடுத்த எல்லாம் ஒன்றுபோல. மூலையில் இருக்கும் தேதி மட்டும்தான் வேறு.

அன்று மாலையே பெரிய டாக்டருக்கு, என் மேலதிகாரி மூலமாக, ஒரு கடிதம் எழுதினேன். ஏப்ரல் நான்காம் தேதி. விதி எண், பத்தி எண் எல்லாம் போட்டு, தினசரிப் படத்தை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தேன். நகல் ஒன்றைக் கோப்பில் வைத்தேன். கடிதம் எழுதுவதில் நான் சோடை போனதில்லை.

மறுநாள் ஸ்டாம்ப் விழுந்த படிவம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருப்பி அனுப்பினேன். ‘காரணம் குறிப்பிடவும்.’

சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். வார்டில் இருந்த இளம் டாக்டர் ஃபோனில் கூப்பிட்டார். பினாங்குக்காரப் பெண். தமக்கும் இன்றைக்குப் படம் தேவையில்லைதான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அப்படியானால் விட்டுவிடுவோமா என்றேன். விட்டுவிடுவோம் என்றார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

அன்று அந்தக் குழந்தை மதியம் முழுக்கத் தூங்கியதாம். அட்டையில் சூடு ஒரே கோடாகப் போயிருந்தது. சிஸ்டர் பிலோமினா அதை எனக்குக் காட்டியபோது, பரீட்சையில் பாஸான பிள்ளையின் ரிப்போர்ட்டைக் காட்டுவதுபோலக் காட்டினார்.

வெளியே மல்லிகா மெஷினுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. என்னைத் தேடிக்கொண்டு எக்ஸ்ரே பிரிவுக்கே வந்துவிட்டாள். படம் ஆச்சா என்றாள். இன்றைக்கு இல்லையம்மா, தேவைப்படவில்லை என்றேன். என் கையில் வேறு ஒரு நோயாளியின் படிவம் இருந்தது. அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மணியம் வந்து நின்றான். வேலைக்குப் போகாமல் முதல் பஸ் பிடித்து வந்திருந்தான். கையில், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி மலாயில் டைப் அடித்துக் கொடுத்த ஒரு புகார்க் கடிதம். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“எங்க புள்ளைய விட்டாச்சா அண்ணே?” என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன்தான் விளக்கினான். அவனுக்கு ஒரு தம்பி இருந்தானாம். காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். அங்கே வைத்தியம் பார்க்கிற டிரெசர் தினமும் ஊசி போட்டார். ஒரு நாள் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, இன்றைக்குத் தேவையில்லை என்று சொன்னார். அடுத்த நாள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

“தேவையில்லன்னா என்னா அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும் அண்ணே. புள்ளைக்குத் தெனம் படம் புடிச்சாத்தான் மூச்சு ஓடும்னு நீங்கதானே மல்லிகாகிட்ட சொன்னீங்க?”

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. தோட்டத்தில் வைத்தியம் என்பது கண்ணால் பார்க்கிற ஒன்று — ஊசி, மருந்துத் தண்ணீர், கட்டு. பெரிய ஆஸ்பத்திரியில் அவள் கண்ணால் பார்த்த வைத்தியம் என் மெஷின் ஒன்றுதான். மற்றதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

இப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவனை உட்கார வைத்து, வெளிச்சப் பெட்டியில் படங்களை மாட்டி, பாரப்பா எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று காட்டியிருக்க வேண்டும். அட்டையில் இருந்த கோட்டைக் காட்டியிருக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

நான் சுற்றறிக்கையைக் காட்டினேன்.

இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி. விரலை வைத்து, தமிழில் மொழிபெயர்த்தே சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“இது எங்க புள்ளைக்காக எழுதுனதா அண்ணே?” என்று மட்டும் கேட்டான்.

கிராணியின் கடிதத்தை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போனான். என் கடிதம் மேலே போக மாதக்கணக்கில் ஆகும். அவனுடைய கடிதம் அன்று மதியத்துக்குள் வேலை செய்தது. புகார் என்றால் எங்கள் ஆபீஸ் பறக்கும். மேலதிகாரி கூப்பிட்டார். அப்பாவே கேட்கிறான், டாக்டர் கையெழுத்து இருக்கிறது, உனக்கு என்ன வந்தது என்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்றார்.

எடுத்தேன். அன்றும், அதற்கடுத்த நாட்களும். சிஸ்டர் பிலோமினா இன்குபேட்டரைத் திறந்துவிடுவார்.

“சட்டம் பேசுன ஆளு எங்க அண்ணே காணோம்?” என்று ஒரு தடவை கேட்டார். நான் கேசட்டை எடுத்து நீட்டினேன்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். எதையாவது செய்துகொண்டே இருக்க ஒரு ஸ்டாம்ப் போதும். நிறுத்துவதற்கு மட்டும் எத்தனை பேருடைய சம்மதம் வேண்டியிருக்கிறது!

அந்தக் கடைசி மதியத்தை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்குபேட்டரின் பக்கத்தில் கை விடுவதற்கு வட்டமாக ஒரு துளை இருக்கும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மல்லிகாவை அதற்குள் கையை விட சிஸ்டர் அனுமதித்திருந்தார். நான் மெஷினோடு உள்ளே போனபோது பிள்ளை அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு விரல் நகம் அளவுக்கு இருந்தது அந்தக் கை. பால்மரம் வெட்டுகிறவளின் கறுத்துப்போன விரல். பிடி விடவில்லை.

நான் காத்திருந்திருக்கலாம். ஐந்து நிமிடம். அடுத்து ஆண்கள் வார்டில் ஒருவருக்குக் கால் முறிவு. அவர் எங்கேயும் ஓடியிருக்க மாட்டார்.

அவளே என்னைப் பார்த்துவிட்டாள்.

“படமா ஐயா? இந்தா வாரேன்” என்றாள்.

பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தானே பிரித்துவிட்டாள். கொஞ்சமும் தயக்கம் இல்லை. சந்தோஷமாகத்தான் வெளியே போனாள். மருந்து வந்திருக்கிறது என்றால் எந்தத் தாய்தான் வழிவிட மாட்டாள்?

படம் எடுத்தேன். பிள்ளை நீலமாகிவிட்டது. சிஸ்டரும் டாக்டரும் நெடுநேரம் போராடி மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. கதவுக்கு வெளியே நின்றவள் வழக்கம்போலக் கேட்டாள். ஆச்சும்மா என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இருட்டறையில் அந்தப் படத்தைக் கழுவித் தூக்கிப் பார்த்தேன். முந்தின நாள் படமேதான்.

மறுநாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோது மேசையில் அன்றைய படிவங்கள் இருந்தன. மல்லிகாவின் குழந்தைக்கும் ஒன்று. திங்கட்கிழமை போட்ட கையெழுத்து. ஊதா மையில் ஸ்டாம்ப். படிவத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். இன்குபேட்டரை நர்சுகள் துடைத்துக்கொண்டிருந்தார்கள். விடிகிற நேரத்தில் போய்விட்டதாம்.

என் படத்தால் போனது என்று நான் சொல்ல மாட்டேன். குறைமாதப் பிள்ளை. எதுவும் நடக்கலாம். டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த மதியத்தை நான் எடுத்துக்கொண்டேன். அது எனக்குத் தெரியும்.

பத்து மணிக்கு மணியமும் மல்லிகாவும் வந்தார்கள். பிள்ளையை நர்சுகள் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். மல்லிகா அழவில்லை. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். ஏதோ நான் செய்ததற்கெல்லாம் நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் ஆரம்பித்தாள். தினமும் வந்து பார்த்துக்கொண்டீர்கள் என்றாள். அப்புறம் சொன்னாள்:

“அந்த ஒரு நாளும் எடுத்திருந்தா பொழைச்சிருக்கும்ல ஐயா?”

இல்லையம்மா, அதனால் இல்லை என்றேன். பெரிய மனிதர்கள் ஏதாவது சொன்னால் தலையாட்டுவோமே, அப்படித் தலையாட்டினாள்.

அத்தனை நாளில் அந்தப் பிள்ளைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த ஒரு நாள்தான். அதைத்தான் அவள் குற்றமாக எடுத்துக்கொண்டு போகிறாள். என்மேல் மட்டும் குற்றம் என்றாலும் பரவாயில்லை. தானும் சும்மா இருந்துவிட்டோமே, அன்றைக்கே சண்டை போட்டு எடுக்க வைத்திருக்கலாமே என்று தன்மேலும் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்காய்க்குப் பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போய், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்தேன். மல்லிகா கறுப்புக் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். இளைத்துப் போயிருந்தாள். ராத்திரியில் தூங்குவதில்லை, அந்த ஒரு நாளையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று மணியம் சொன்னான்.

இந்தத் தடவை நான் சுற்றறிக்கை எதுவும் கொண்டுபோகவில்லை. அந்த ஒரு நாள்தான் பிள்ளை நிம்மதியாகத் தூங்கியது என்றேன். படம் மருந்து இல்லை, எடுக்காததால் ஒன்றும் ஆகவில்லை, எடுத்த நாட்களில்தான் அது கஷ்டப்பட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். முன்பே சொல்லியிருக்க வேண்டியதை ஒரு மாதம் கழித்து, ஒவ்வொன்றாக.

மல்லிகா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நீங்க எங்க மனசு ஆறட்டும்னு சொல்றீங்க ஐயா.”

மணியம் என்னைப் பஸ் நிற்கிற இடம் வரை கொண்டுவந்து விட்டான். வழியில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“இத டாக்டர் சொன்னாரா அண்ணே? எழுத்துல இருக்கா? இருந்தா காட்டிறலாம். கிராணிய வச்சுப் படிச்சுக் காட்டுனா நம்பிருவா.”

எழுத்தில்! அவனுக்கு ஒரு நாள் நான் கற்றுக்கொடுத்த பாடம் அது. காகிதத்தில் இருப்பதுதான் உண்மை என்று.

வரும் என்றேன். பெரிய டாக்டருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் நானே கொண்டுவருகிறேன் என்றேன். வாக்குக் கொடுத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

ஜூனில் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். ஆகஸ்டில் இன்னொன்று. கோப்பு மேலே இருக்கிறது என்றார்கள். மேலே போனால், கீழே போயிருக்கிறது என்றார்கள். எனக்கு எல்லா நடைமுறையும் தெரியும். எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பதுகூடத் தெரியும். தெரிந்து என்ன?

செப்டம்பரில் மணியத்துக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை, ஆனால் கட்டாயம் வரும், மல்லிகாவிடம் சொல் என்று. பத்து நாளில் அது திரும்பி வந்தது. உறையின் மேல் தபால்காரர் மலாயில் எழுதியிருந்தார் — ‘பின்டா’. குடிபெயர்ந்துவிட்டார்கள். தோட்டத்தை விற்றுவிட்டார்களாம். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை போடப்போகிறார்களாம். லயத்துச் சனம் நாலா பக்கமும் போய்விட்டது. மணியம் தஞ்சோங் மாலிம் பக்கம் என்றார் ஒருவர். இல்லை, சிலிம் ரிவரில் பலகை ஆலையில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலிம் ரிவர் போய்ப் பார்த்தேன். ஆலையில் மூன்று மணியம் இருந்தார்கள். மூவரும் வேறு மணியம். புந்தோங் அக்கா வீட்டிலும் இப்போது வேறு யாரோ குடியிருந்தார்கள்.

பதில் வந்தது. ஒரே பக்கம். பெரிய டாக்டரின் கையெழுத்து, கீழே வட்ட முத்திரை. குழந்தைகள் தீவிர சிகிச்சை வார்டில் தினசரி எக்ஸ்ரே எடுக்கும் வழக்கம் நிறுத்தப்படுகிறது என்று எழுதியிருந்தார். அதோடு விட்டிருக்கலாம். இன்னொரு வாக்கியமும் இருந்தது: நன்றாக இருக்கும் குழந்தைக்கு ஒரு நாள் படம் எடுக்காமல் விடுவதால் எந்தக் கெடுதலும் இல்லை, தேவையின்றி எடுப்பதுதான் அதைத் தொந்தரவு செய்கிறது.

கிராணி வேண்டாம், நானே படித்துக் காட்டியிருப்பேன்.

மேல் மூலையில் எங்கள் பிரிவின் வரவு முத்திரை விழுந்திருந்தது. நவம்பர் இருபத்திரண்டு.